மூன்றாம் மாடியில் வைத்த பரஸ்தானம்

மார்ச் 7, வெள்ளி

எதிர் வீட்டு உமையாள் காலையில் ஒரு பையோடு வந்து நின்றாள். நீலத் துணிப் பை, ஜிப் வைத்தது. அவள் மகன் கதிரேசன் நாளை சிங்கப்பூர் போகிறான், கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை சனிக்கிழமை, கிழக்கே சூலம். சிங்கப்பூர் கிழக்கே இருந்து தொலைக்கிறது. டிக்கெட் எடுத்தபோது அப்பனும் பிள்ளையும் சூலம் பார்க்கவில்லை, விலை பார்த்திருக்கிறார்கள். அதனால் பரஸ்தானம். இன்று நல்ல நேரத்தில் அவன் பையை வேறு வீட்டில் வைத்துவிட்டால் அவன் இன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. நாளை போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போவான்.

"ஏண்டி, சூலத்துக்குக் கண்ணு தெரியாதா? பையையும் ஆளையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாதா?" என்றேன்.

"கேலி பண்ணாதீங்கக்கா. ஒரு நா ஓரமா இருக்கட்டும். தொறக்கக் கூடாது. வச்ச பை எங்க வீட்டுக்குள்ள திரும்பி வரக் கூடாது. அம்புட்டுத்தான்."

உள்ளே ஒரு வேட்டி, துண்டு, கொஞ்சம் மஞ்சள் அரிசி. கூடத்து நாற்காலியில் வைத்தாள். வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே பிள்ளை.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் சிங்கப்பூருக்கு டிரங்க் கால் கேட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டும். இப்போது ஆளே நாலு மணி நேரத்தில் போய் இறங்குகிறான். மூவாயிரம் கிலோமீட்டர். எனக்கு அங்கே யாரும் இல்லை. தெரிந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்கு முன் கிளம்ப வேண்டுமென்று எதிர் வீட்டில் விடிந்ததிலிருந்து ஒரே கூச்சல். கதிரேசன் பையை எடுக்க வருவான் என்று மைசூர்பாகு கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதுக்குக் கால் மணி முன்னதாக லிஃப்ட் இறங்குகிற சத்தம். பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் பெட்டியெல்லாம் காரில் ஏறிவிட்டது. உமையாள் கணவர் சொக்கலிங்கம் "ஏறு, ஏறு" என்று விரட்டிக்கொண்டிருக்கிறார். பை என் நாற்காலியில் இருக்கிறது!

"ஏ கதிரேசா! பை! பையை எடுக்கலையாடா!" என்று மூன்றாம் மாடியிலிருந்து கத்தினேன். கார் திரும்பிப் போய்விட்டது. வாட்ச்மேன் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றார்.

சொக்கலிங்கத்துக்குப் போன் போட்டேன். "அவ எடுத்துட்டான்னு நா நெனச்சேன், நா எடுத்தேன்னு அவ நெனச்சிருக்கா. போகுது விடுங்க மேடம். கெளம்பின வண்டியத் திருப்பக் கூடாது. ராகு காலம் வேற வந்துரும்" என்றார். பின்னால் உமையாள் அழுகிற சத்தம் கேட்டது.

ஆக, சகுனத்துக்காக வைத்த பையைச் சகுனத்துக்காகவே விட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல! உச்சிப் பொழுதில் விமானம் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே போயிற்று. மைசூர்பாகை நானே தின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

பையன் போய் இறங்கிப் பேசிவிட்டானாம். பையைக் கூரியரில் அனுப்பு என்று உமையாளிடம் சொன்னேன். "கூரியர்காரன் தொறந்து பாப்பான்க்கா. யாராச்சும் போனாக் குடுத்து விடுவோம்" என்றாள். பேசும்போது சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அது சிங்கப்பூர் நேரந்தான? கதிரு போன்லயும் இதே மணிதான் காட்டுச்சு."

"பேட்டரி சரியில்ல. வேகமா ஓடுது" என்றேன்.

சரியாக இரண்டரை மணி நேரம் வேகமாக ஓடுகிறது. மாற்ற வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

இட்லிக்கு அரைத்தேன். மோட்டார் ரிப்பேர், மதியம் வரை தண்ணீர் இல்லை. பை இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

எதிர் வீட்டில்.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். கதிரேசன் போய்விட்டான். வேலைக்குப் போகிற வழியில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி, அங்கேயே. இருபத்தைந்து வயது. சொக்கலிங்கம் இன்று மத்தியான விமானத்தில் போகிறார். அங்கேயே காரியத்தை முடித்து அஸ்தி கொண்டுவருவதாக ஏற்பாடு.

உமையாள் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, பை பத்திரமா இருக்கா?"

ஏப்ரல் 9, புதன்

அஸ்தியைக் காவிரியில் கரைத்துவிட்டார்கள். ஆறடிப் பிள்ளை ஒரு சிறு பானைக்குள் திரும்பி வந்தான். அந்தப் பானையும் நாலு மணி நேரம்தான் பறந்திருக்கிறது. படுபாவித் தெய்வமே என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டினால் கேட்கிற தெய்வமா அது.

ஏப்ரல் 19, சனி

காலையில் லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கிரில் கதவு திறந்தபடி, "தயவுசெய்து கதவை மூடவும், தயவுசெய்து கதவை மூடவும்" என்று லிஃப்டில் பதிவு செய்து வைத்த பெண் குரல் விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தது. போய்ச் சாத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் மணி ஒன்பதாகக் கால் மணி.

வாட்ச்மேனிடம் சொன்னேன். "கீழேர்ந்து யாரும் ஏறலையேம்மா" என்றார். பட்டன் கோளாறாக இருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

மறுபடியும்.

ஏப்ரல் 26, சனி

லிஃப்ட் மெக்கானிக் வியாழனன்று வந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன மறுநாளும் நின்றது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. தனியாக இருக்கிற பொம்பளை பேயை நம்ப ஆரம்பித்தால் குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் பை, ஜிப் சுவர்ப் பக்கம் இருக்கும்படி உமையாள் வைத்தது, இன்று வாசலைப் பார்த்திருந்தது. பெருக்குகிற முத்துமாரி நகர்த்தியிருப்பாள். அவளைக் கேட்டேன். "அந்தப் பைய நா தொடுவனாம்மா? கும்புட்டுட்டுச் சுத்திப் பெருக்கிட்டுப் போறேன்" என்றாள்.

மே 3, சனி

லிஃப்ட் குரல் கேட்டும் இன்று உடனே போய்ச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும் என்று விட்டேன். பிறகுதான் போனேன்.

கடைக்குப் போகும்போது கூடத்து மின்விசிறியை ஓடவிட்டுப் போயிருக்கிறேன். அக்கினி நட்சத்திரம் நாளைக்குத்தான், இப்போதே புழுக்கம் தாங்கவில்லை. வீட்டில் ஆளில்லாமல் யாருக்காக ஓடவிட்டேன்?

மே 8, வியாழன்

ஒரு வாரமாக உமையாள் உச்சிப் பொழுதில் மாடிப்படியில் வந்து உட்கார்கிறாள். என் வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறாள். உள்ளே வரமாட்டாள். அங்கிருந்தபடி பையைப் பார்ப்பாள். மேலே விமானம் போகும். அந்தச் சத்தம் ஓயும்வரை இருந்துவிட்டு எழுந்து போவாள்.

சாப்பாடு இறங்கவில்லை. காபியும் மோரும்தான். ரவிக்கை தோளில் நிற்காமல் தொங்குகிறது. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். இப்படியே போனால் ஆடி வரை தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொக்கலிங்கத்திடம் சொல்லியிருக்கிறார்.

இன்று ரசம் சாதம் பிசைந்து படிக்கே கொண்டுபோய், "வாயைத் தொற, இல்லாட்டி அறைஞ்சிருவேன்" என்றேன். வாயைத் திறந்தாள். ஒரு கவளம் வைத்தேன். மெல்லவே இல்லை.

"முடியலக்கா. நா ஒரு வாய் வச்சா, அங்க ஒருத்தன் பசியோட ஒக்காந்திருக்கான்னு தோணுது."

"எங்கடி?"

"ஒங்க நாற்காலில." கையை நீட்டிக் காட்டினாள். "பரஸ்தானம் வச்சப்பவே எம்மகன் கெளம்பிட்டான்க்கா. கெளம்பினவன் இங்க வந்து ஒக்காந்தான். ஏரோப்ளேன்ல போனது யாரோ, எனக்குத் தெரியாது. அவுக கரைச்சது யாரையோ, அதுவுந் தெரியாது. இவன் இன்னம் போய்ச் சேரல. வீட்டுக்குத் திரும்பவும் வழியில்ல. நட்ட நடுவுல நிக்கிறான்."

நான் சிரிக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மே 14, புதன்

சொக்கலிங்கம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பையக் குடுங்க மேடம். காவிரில விட்டுட்டு வந்துடறேன். இது இங்க இருக்கற வரைக்கும் அவ சோறு திங்க மாட்டா."

"ஆத்துல விட்டா மட்டும் திம்பாளா? மகனத் தண்ணில தள்ளிட்டீங்கம்பா. நீங்களே கொண்டுபோய் அங்க வச்சிட்டு வாங்களேன்."

"இன்னொரு தடவ அந்த ஏர்போர்ட்டுக்கா? நா மாட்டேன். கொன்னு போட்டாலும் மாட்டேன்."

விறுவிறுவென்று நாற்காலிக்குப் போய்க் கையை நீட்டினார். கை பைக்குச் சாண் தூரத்தில் நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஏறு ஏறுன்னு நாந்தான வெரட்டுனேன்" என்று பெரிய குரலெடுத்து அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன். தெரியாமல் இரண்டு டம்ளர் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் கவனித்தேன். அவரும் கவனித்தார்.

மே 15, வியாழன்

உமையாளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, இருந்தாலும் அந்த உடம்பு படியிறங்காது. சொக்கலிங்கம் போகமாட்டார். வெளியாள் கையில் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

என் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. இரண்டு முறை புதுப்பித்திருக்கிறேன். ஒரு முத்திரைகூடக் கிடையாது. அடையாள அட்டையாக உபயோகப்படும் என்று வைத்திருக்கிறேன்.

மே 19, திங்கள்

பூங்கோதைக்குப் போன் செய்தேன். பூங்கோதை என் மகள். சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கேயே ஒரு சீனனைக் கட்டிக்கொண்டாள். விசாவுக்கு ஒரு விலாசம் வேண்டும், தங்க இடம் வேண்டும், அதற்காகத்தான்.

"ஹலோ, யாரு?"

"நாந்தான்."

அப்புறம் சத்தமே இல்லை. லைன் அறுந்த மௌனம் வேறு, ஆள் இருக்கிற மௌனம் வேறு. ஆயுசு முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டவள் நான். அவள் இருந்தாள்.

"என்னாச்சும்மா? ஒடம்புக்கு ஏதும்..."

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒரு பையக் கொண்டுவரணும்."

"பையா?"

"பைதான்."

விவரம் சொன்னேன். கேட்டுவிட்டு மெதுவாக, "வீட்ல கென்னத் இருப்பாரும்மா" என்றாள்.

"இருக்கட்டுமே. அவரு வீடுதான?" என்றேன். போனை வைத்த பிறகு சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். வெயிலுக்குச் சர்க்கரை குறைந்திருக்கும்.

மே 20, செவ்வாய்

படியில் உட்கார்ந்திருந்தவளிடம், "நான் கொண்டுபோறேண்டி" என்று சொன்னேன். என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அவன் படுத்திருந்த ரூம்ல வைங்கக்கா. வந்து சேந்தான்னு எனக்கு ஒரு வார்த்த சொன்னாப் போதும்." விடச் சொன்னால் விடமாட்டேன் என்கிறாள். அந்தப் படியில் உட்கார்ந்து நான்தான் அழுது தீர்த்தேன், அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நைசாக உள்ளே போனார்.

ஜூன் 6, வெள்ளி

விசா வந்துவிட்டது. புதன்கிழமைக்கு டிக்கெட். "புதன் வடக்கேதான் சூலம், கிழக்கே இல்ல" என்று நானே உமையாளிடம் சொன்னேன். நாள்காட்டியை நான் பார்த்ததாக எழுதவில்லை. கண்ணில் பட்டது.

ஜூன் 11, புதன் (விமானத்தில்)

காலையில் நாற்காலியிலிருந்து பையை எடுத்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக அந்த நாற்காலி காலியாக நின்றது. பார்க்கப் பொறுக்காமல் திரும்பிக்கொண்டேன். லிஃப்ட் ஏற்கெனவே எங்கள் மாடியில் திறந்து நின்றது. அந்தக் குரல் வரவில்லை.

உமையாள் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போய்ட்டு வாங்கக்கா" என்று என்னிடம் சொன்னாள். பையைப் பார்த்தாள். அதனிடம் சொல்ல வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. நான் இறங்கிவிட்டேன்.

விமான நிலையத்தில் சோதனை போடுகிற பெண், "இந்தப் பைய நீங்களே அடுக்குனீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"தொறந்து காட்டுங்க."

"பையன் பைம்மா. வச்சவங்க கையால கட்டுனது. அவன் இப்ப இல்ல. நான் கொண்டுபோய்ச் சேக்கணும். தொறக்க வேணாமே" என்றேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். யாரையோ கூப்பிட்டுப் பேசினாள். பிறகு தன் கையாலேயே பையை எடுத்து, குழந்தையைக் கொடுப்பது போல என்னிடம் கொடுத்தாள். அந்த மகராசி நல்லா இருக்கணும்.

என் பக்கத்து இருக்கை காலி. பையை மேலே வைக்கச் சொன்னார்கள். மேலேறும்வரை வைத்துவிட்டு, பெல்ட் விளக்கு அணைந்ததும் எடுத்து அந்த இருக்கையில் உட்கார வைத்தேன். பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டேன். இரண்டு கேட்டேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது ராகு காலம் நடக்கிறது. ஆகாசத்தில் உண்டா என்று தெரியவில்லை. கீழே ஒரே கடல். பாதி தூரம் வந்துவிட்டோமாம். பக்கத்து இருக்கைப் பக்கம் ஜில்லென்றிருக்கிறது. ஏசியாக இருக்கும். என் சால்வையைப் பாதி அந்தப் பக்கம் போட்டிருக்கிறேன்.

நாலு மணி நேரம். அரிசி ஊறுகிற நேரம். இந்த நாலு மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் இத்தனை வருஷம் ஒருத்தி பீரோவில் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவளை எதால் அடிப்பது?

ஜூன் 11, சிங்கப்பூர்

வெளியே வந்ததும் உயரமாக, வழுக்கையாக, கண்ணாடி போட்ட ஒரு சீனர் கை கூப்பினார். "வணக்கம் அம்மா. நான் கென்னத்." தமிழ் வார்த்தை ஒவ்வொன்றையும் சூடு ஆற்றி ஆற்றிக் கொடுத்தார்.

"பூங்கோதை எங்க?"

"கார்ல. வரமாட்டா. பயம்."

"யாரப் பாத்துப் பயம்?"

"உங்களைப் பாத்து" என்றார். பிறகு சிரித்தார். "எனக்கும்."

எனக்கும்தான் என்று சொல்லவில்லை. பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து முன்னால் நடந்தார். அவள் விவரம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போலும்.

கார்க் கதவைத் திறந்தால் என் மகளுக்கு முன்தலை நரைத்திருக்கிறது. "சாயம் பூசக் கூடாதாடி?" என்றேன். அதுதான் முதலில் வந்தது. அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கதிரேசன் வாடகைக்கு இருந்த அறைக்கு மூவரும் போனோம். அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரி வயதான சீனப் பெண்மணி, ஆங்கிலம் தெரியாது. கென்னத்தான் அவள் பாஷையில் பேசினார். பேசப்பேச அவள் முகம் மாறிற்று. பையைப் பார்த்ததும் தலை குனிந்து வழிவிட்டாள். அறை காலியாகவே இருந்தது.

அவள் ஏதோ சொன்னாள். கென்னத் மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"சொல்லுங்க தம்பி."

"ரெண்டு பேர் இங்க குடி வந்தாங்களாம். ரெண்டு பேரும் போய்ட்டாங்க. கதவுகிட்ட ஒரு பையன் நிக்கிறானாம். உள்ள வரமாட்டானாம். சும்மா நிக்கிறானாம்."

பூங்கோதை என் கையைப் பிடித்தாள். எனக்கு ரோமம் சிலிர்த்தது, ஆனால் பயமில்லை. மூன்று மாதமாக என் கூடத்தில் இருந்த பிள்ளைதானே. வாசற்படியில் நின்று, "வலது காலை எடுத்து வச்சு வாப்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். கட்டிலில் பையை வைத்தேன். வீட்டுக்காரி கேட்காமலேயே ஓர் ஊதுபத்தி ஏற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

உமையாளைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

"வந்து சேந்துட்டான்டி. கட்டில்ல இருக்கான். பேசு."

நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"கதிரு" என்றாள். "கதிரு, அம்மாடா. போய்ட்டு..." அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை, "போய்ட்டு..." என்று ஆரம்பித்தாள். பெற்றவள் வாயில் அந்த வார்த்தைக்குப் பின்னால் 'வா'தான் வரும், வேறென்ன வரும்? வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"போப்பா" என்றாள் உமையாள். "போ."

அதன் பிறகுதான் அழுதாள். ஏப்ரலிலிருந்து அழாத அழுகை. நான் நடுவில் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு மிகச் சின்னக் குரலில், ஏதோ திருடி அகப்பட்டுக்கொண்டவள் போல, "அக்கா" என்றாள்.

"சொல்லுடி."

"பசிக்குதுக்கா."